கூட்டின் இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள், ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெலுக் பஹாங்கில் லோத்தோங் குரங்கையோ கடலோரத்தில் நீர்நாயையோ கண்டவுடன் கைப்பேசியில் இடத்தைக் குறித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அனுப்பும் பழக்கம் பினாங்கில் பரவி வருகிறது. ஆர்வம் நல்லதே. ஆனால் நகரத்தை ஒட்டி வாழும் உயிரினத்தின் இடத்தைப் பதிவு செய்வது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதற்கு மெல்பர்ன் பென்குயின்களைச் சொல்லலாம்.

அங்கே செயின்ட் கில்டாவில், 1956 ஒலிம்பிக் படகுப் போட்டியை முன்னிட்டுக் கட்டிய அலைத்தடுப்புச் சுவரின் பாறை இடுக்குகளில், சுமார் 33 செ.மீ. உயரமே உள்ள சிறு பென்குயின்கள் குடியேறின. 1986 முதல் அவை தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. பறவையின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பைக் கருவியால் படித்தால் அது எந்தப் பறவை என்பது தெரிந்துவிடும். எங்கே இருந்தது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். சிக்கல் இங்கேதான். கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். பாறைக் குவியலிலோ ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்கலாம். எனவே இத்தகைய இடங்களில் ஒவ்வொரு பொந்துக்கும் நிலையான எண் கொடுத்து, சுவரின் ஒரு முனையிலிருந்து அளந்த தூரத்தையும் சேர்த்து எழுதுவதே நம்பகமானது. முட்டையோடு அமர்ந்திருந்ததா, இறகு உதிர்த்துக் கொண்டிருந்ததா, வழியில் நடந்து போனதா என்பதையும் குறிக்க வேண்டும். இறகு உதிரும் இரண்டு மூன்று வாரங்கள் பென்குயின் கடலில் இறங்காது. அப்போது அதைக் கலைத்தால் அதற்குப் போக்கிடம் கிடையாது. போய்ப் பார்த்தபோது பொந்து காலியாக இருந்தால் அதையும் எழுதியாக வேண்டும். இல்லையேல் பறவை போய்விட்டதா, யாருமே பார்க்கவில்லையா என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது.

இவ்வளவு துல்லியமான பதிவு ஆய்வாளரிடம் இருக்க வேண்டியது. உயிரினங்களைக் கண்ட இடத்தைப் பொதுமக்கள் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடம் பொதுப் பார்வைக்கு 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் தெரியும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் அது ஏறக்குறைய 22 கி.மீ. பக்கமுள்ள சதுரம், பினாங்குத் தீவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். புலனத்தில் அனுப்பும் குறிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குட்டியோடு இருக்கும் லோத்தோங்கின் மரத்தடிக்கு மறுநாளே கூட்டம் கூடுகிறது; சிலர் பழமும் ரொட்டியும் நீட்டுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வேதனை அளிக்கிறது.

ஆகவே, இத்தகைய படங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது வட்டாரத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுமாறும், சரியான இடத்தையும் நாளையும் நேரத்தையும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு மட்டும் தெரிவிக்கும்படி ஒரு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு