கசிந்திருந்தால் தப்பித்திருப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டுத் தீ விபத்துகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது ஒரே ஒரு வரிக்காக: “மின்கசிவால் நேரும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் வீட்டாரின் அலட்சியமே காரணம்.” எழுதியவர் நல்ல தமிழ் எழுதுகிறார். வாழ்க்கையில் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்த்தவராகத் தெரியவில்லை.

நான் பொறியாளன் இல்லை. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் எரித்துக்கொண்டு வந்து நீட்டிய வயர்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. போன மாதம் அந்த ‘அலட்சியமான வீட்டார்’ பட்டியலில் நாங்களும் சேர்ந்திருப்போம், மயிரிழையில் தப்பினோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகள் ஆசையாக வாங்கித் தந்த எவர்சில்வர் கெட்டில். இறக்குமதிச் சரக்கு. பெட்டியில் பெயர் உண்டு, தயாரித்தவர் முகவரி இல்லை. அடியில் 1500 வாட் என்று போட்டிருந்தது. நான்காம் நாள் என் மனைவி, “வீட்டுல மீனே இல்ல, மீன் வாடை எங்கேர்ந்து வருது?” என்றாள். பிளக், சாக்கெட்டின் பிளாஸ்டிக் சூடேறிக் கருகத் தொடங்கும்போது அப்படித்தான் நாறும். இதை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருந்தால் நாலு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும். கெட்டிலைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிளக்கைத் தொட்டேன், கை சுட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்தால் வரவில்லை. பிளக்கின் முகம் உருகி சாக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது.

இவ்வளவு நடந்தும், ஆபத்தென்றால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழவில்லை. கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியும் வீட்டில் இருக்கிறது; அதுவும் விழவில்லை. எப்படி விழும்? 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழி தவறிக் கசிந்தால் துண்டிப்பது அதன் வேலை. இங்கே ஒரு துளி கூடக் கசியவில்லை. எம்சிபியோ மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் விழும். கெட்டில் இழுத்தது ஆறரை ஆம்பியர், அதற்கு உரிய அளவுதான். அது போன வழிதான் சரியில்லை. இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும், அந்த ஒரு புள்ளி மட்டும் அடுப்பாகிவிடும். 1841இல் ஜூல் எழுதி வைத்த விதி, பள்ளிப் பாடம். ஆகவே ஆசிரியர் அவர்களே, எங்கள் வீட்டில் நடந்தது மின்கசிவே இல்லை. கசிந்திருந்தால் ஆர்சிசிபி விழுந்திருக்கும், வாடை வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

பிறகு அந்த பிளக்கை ஹேக்சா பிளேடால் அறுத்தேன். வார்த்து மூடியது, ஸ்க்ரூ கிடையாது, வேறு வழியில்லை. வயரின் மேல் 0.75 சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவுக்கு 0.2 மில்லிமீட்டர் இழைகள் 24 இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன்: பதினொன்று. பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! முனைகளுக்குக் காந்தத்தைக் காட்டினேன். பித்தளைக்குக் காந்தம் ஒட்டாது. இவை ஓடி வந்து ஒட்டிக்கொண்டன.

இதைவிடப் பெரிய கூத்து எர்த், அதாவது சாமானின் உடம்பில் ஏறும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு. பிளக்கில் முனைகள் மூன்று, வயருக்குள் கம்பிகள் இரண்டு! அந்த மூன்றாவது முனை உள்ளே எதனோடும் சேரவில்லை, சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது. கெட்டிலின் உடம்போ முழுக்க உலோகம்.

இத்தனையையும் மூடிய பிளாஸ்டிக்கின் மேல் ஜம்மென்று ‘சிஇ’ முத்திரை. இந்த வகைச் சாமான்களுக்கு ஐரோப்பிய விதிப்படி தயாரிப்பாளரே சோதித்து, தானே உறுதி சொல்லி, தானே அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். தன் விடைத்தாளைத் தானே திருத்திய மாணவனை என் 31 ஆண்டில் நான் கண்டதில்லை.

இதில் வீட்டாரின் அலட்சியம் எங்கே வந்தது? கடையில் நின்று பிளக்கை அறுத்துப் பார்க்காதது அலட்சியமா?

அலட்சியம் என்று பேச்செடுத்ததால் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், ‘இரண்டு முனை பிளக் சாக்கெட்டில் நுழையவில்லையா? மேல் துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகினால் எளிதாக நுழையும்’ என்று ஒரு குறிப்பு வந்தது. பரிசு வேறு கொடுத்தீர்கள். எர்த் முனையை நீளமாக வைத்திருப்பதே அது முதலில் உள்ளே போய்ச் சேரவும், மற்ற இரு துளைகளின் மூடியைத் திறக்கவும்தான். குழந்தைகளின் விரலைக் காக்கும் மூடியைத் தீக்குச்சியால் ஏமாற்றச் சொன்னீர்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அச்சில் வந்தது என் முதல் வரி மட்டும்: “உங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்.” கீழே, ‘பாராட்டுக்கு நன்றி, ஆசிரியர்.’

போன ஆண்டு சந்தாவோடு அன்பளிப்பாக ஒரு போன் சார்ஜர் அனுப்பினீர்கள். கையில் எடுத்தபோதே காற்றாக இருந்தது. திறந்து பார்த்தேன். நல்ல சார்ஜரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டராவது இடைவெளி விடுவார்கள். நீங்கள் அன்போடு அனுப்பியதில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. இதைப் பற்றி நான் அப்போது எழுதவில்லை. அன்பளிப்பைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லிவிடவில்லை. கேட்பது இவ்வளவுதான். இனி எங்கேயாவது தீப்பிடித்தால், காரணம் தெரியும் முன்பே ‘மின்கசிவு’ என்று போடாதீர்கள். குழாயில் தண்ணீர் கசிந்த மாதிரி, யார் மேலும் பழி இல்லாமல் விஷயம் முடிந்துவிடுகிறது. எந்தச் சாமான், அதன் பிளக் எப்படி இருந்தது, யார் இறக்குமதி செய்தது என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் கிடைக்காவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்று போடுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

அறுத்த பிளக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையாளரிடம் காட்டுங்கள். முடிந்தால் படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் அலுவலகத்தில் யாராவது எடுத்துச் செருகிப் பார்த்துவிடப் போகிறார்களே என்று வயரை ஒட்ட வெட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
(இன்னமும்) உங்கள் இதழை விரும்பிப் படிக்கும்
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்