வாத்தியாருக்காக ஒரு பேசும் ரேடியோ

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு மட்டும் மழைக்காலச் சளி. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நமக்கு ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) சொல்லிக்கொடுத்த வாத்தியார் மறுபடி மைக்கைப் பிடித்துவிட்டார்! இதை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

போன வருஷம் அவர் ஏன் திடீரென்று நிறுத்தினார் என்று நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். "போதும்டா, வயசாச்சு" என்று மழுப்பிவிட்டார். மாமிதான் உண்மையைச் சொன்னார். சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டதாம். ஓரப் பார்வை இருக்கிறது, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குத் தனியாகவே போய் வருகிறார். நேரே பார்ப்பதுதான் மங்கல். அவருடைய ரேடியோ ஐகாம் 718இல் அலைவரிசை எண்ணைக் காட்டும் டிஸ்ப்ளே அவருக்கு வெறும் வெளிச்சம். 40 மீட்டர் பட்டையில் நமக்கு 7.200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பேச அனுமதி இல்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மைக் பட்டனை அழுத்தமாட்டேன் என்று பிடிவாதம். மோர்ஸில் ஒரு புள்ளி பிசகினாலும் நம்மை முதலிலிருந்து அடிக்கவைத்த மனுஷர் வேறு எப்படி இருப்பார்? மாமி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணை வாசித்துக் காட்டியிருக்கிறார். எத்தனை நாள்தான் முடியும்? ஒருநாள் சத்தமில்லாமல் ரேடியோவுக்கு உறை போட்டு மூடிவிட்டார்.

ஐகாமுக்கென்று எண்ணை வாய்விட்டுச் சொல்லும் எலக்ட்ரானிக் பலகை தனியாக உண்டே என்பாய். உண்டு. ஆனால் அது தமிழ் பேசாது, பட்டனை அழுத்தினால்தான் வாய் திறக்கும். டயலைத் திருப்பி நிறுத்தியதுமே தானாகத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் கம்ப்யூட்டரை ரேடியோவோடு பேசவைக்க வேண்டும்.

718இன் முதுகில் ரிமோட் என்று ஒரு 3.5 மி.மீ. சாக்கெட் இருக்கிறதே, அதில் ஓடுவது ஒரே ஒரு கம்பியும் எர்த்தும்தான். அனுப்புவதும் வாங்குவதும் அதே கம்பியில். சும்மா இருக்கும்போது அதில் 5 வோல்ட் நிற்கும். பேச வேண்டியவர் அதைக் கீழே இழுக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் சர்க்யூட் பாதி முடிந்தது. கம்ப்யூட்டரின் யூஎஸ்பியை டிடிஎல் என்ற 5 வோல்ட் சிக்னலாக மாற்றும் யூஎஸ்பி–டிடிஎல் மாட்யூல் (5 வோல்ட் ஜம்பர் போட்டது) ஒன்று, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று. மாட்யூலின் ஆர்எக்ஸ் (வாங்கும் முனை) நேராகக் கம்பிக்கு. டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மட்டும் டையோடு வழியாக, கோடு போட்ட முனை மாட்யூல் பக்கம். டிஎக்ஸ் கீழே போனால் கம்பியும் போகும். மேலே வந்தால் டையோடு ஒதுங்கிக்கொள்ளும்.

டையோடு வாங்க லாமிங்டன் ரோடு போனேன். பாட்85 என்ற ரகத்தைக் கேட்டால் கடைக்காரர் 4148 என்ற வேறு ரகத்தை நீட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். எப்படி ஒன்றாகும்? 4148இல் 0.7 வோல்ட் நின்றுவிடும், டிடிஎல்லில் 0.8க்குள் இருந்தால்தான் அது பூஜ்யம். வாசலிலேயே சறுக்குவதற்கா இவ்வளவு பாடு? பாட்85 ஷாட்கி வகை, அதில் விழும் வோல்ட் பாதிகூட இல்லை. கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினேன். இந்த "எல்லாம் ஒண்ணுதான்" வியாபாரம் எனக்கு ஆகவே ஆகாது.

ஒரே கம்பி என்பதால் நாம் அனுப்பியது நமக்கே திரும்பி வரும். பலருக்கு இது தொல்லை, எனக்கு இதுதான் டெஸ்டர். எதிரொலியே வரவில்லையென்றால் கோளாறு கம்பியிலோ டையோடிலோ. எதிரொலி வந்து பதில் வரவில்லையென்றால் வேகமோ முகவரியோ தப்பு; கம்ப்யூட்டர் ரேடியோவைக் கூப்பிடும் அந்த முகவரி 718க்கு 5ஈ.

அப்புறம் அந்த அழகு! டிரான்சீவ் என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டால், டயலைத் திருப்பத் திருப்ப ரேடியோ தானாகவே கம்ப்யூட்டருக்கு அலைவரிசையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்னால் தொடக்கக் குறியாக இரண்டு எஃப்ஈ, கடைசியில் முடிவுக் குறியாக எஃப்டி, நடுவில் ஐந்து பைட்டில் எண் தலைகீழாக. 7.085 மெகாஹெர்ட்ஸ் என்றால் 00 50 08 07 00. பின்னாலிருந்து இரண்டிரண்டாக வாசித்துப் பார். உன் யாயெசு (Yaesu) 857 ரேடியோ இருக்கிறதே, கேட்டால்தான் வாய் திறக்கும். எங்கள் ஐகாம் தானே வந்து சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் நீ தோற்றாய், ஒத்துக்கொள்.

புரோகிராம் சின்னதுதான். எண் அரை விநாடி மாறாமல் நின்றால் எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் மென்பொருளிடம் கொடுக்கும், அது தமிழில் வாசிக்கும். 100 வாட்டில் பேசும்போது யூஎஸ்பி துண்டித்துக்கொண்டது. கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் போட்டு, கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 1000 பிக்கோஃபாரட் கபாசிட்டர் வைத்ததும் அடங்கிவிட்டது.

இன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டில் மாட்டினேன். டயலை இரண்டு விரலால் திருப்பி நிறுத்தினார். "ஏழு புள்ளி சைபர் ஒன்பது" என்றது. கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி சொன்னது. பேசவே இல்லை மனுஷர். 7.200ஐத் தாண்டி வேண்டுமென்றே திருப்பி, அங்கேயும் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்துதான் மைக்கை எடுத்தார். நாக்பூரிலிருந்து பதில் வந்தது. சமையலறையில் மாமி அழுதுகொண்டிருந்தார்.

உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை என்பதால் சொல்கிறேன், தள்ளிப்போடாமல் நீ ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வா.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். ஈஸ்பீக் குரல் தகரத்தில் தட்டுவது மாதிரி இருக்கிறது, ரேடியோ இரைச்சலில் "ஏழு", "எட்டு" குழம்புகிறது என்கிறார். "சேகர் குரலில் கேட்டால் தேவலை" என்று அவரே சொன்னார். ஹாஸ்டல் மெஸ்ஸில் மைக் இல்லாமலேயே அறிவிப்பு செய்த தொண்டையாயிற்றே. சைபரிலிருந்து ஒன்பது வரை, பிறகு "புள்ளி", ரேடியோவின் பேச்சு முறைகளான "எல்எஸ்பி", "யூஎஸ்பி" (கேபிள் யூஎஸ்பி இல்லை), ஒவ்வொன்றையும் தனி ஃபைலாகப் பதிவு செய்து அனுப்பு. மோனோ போதும். ஃபேனை அணைத்துவிட்டுப் பேசு. புதன்கிழமைக்குள் வந்தால் அடுத்த ஞாயிறு ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
ரகு