நாலு மணி பஸ்ஸுக்கு முன்னால் சொல்லிக்கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கல்லூரிகளில் ஒன்றின் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்குக் காலையில் அட்டெண்டன்ஸ் ஷீட் காப்பி எடுக்க வரும் சார் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அதுவும் போக இது ஒரு கல்லூரியின் கதையும் இல்லை, இரண்டு மாவட்டத்திலும் இதே தொழில் செய்கிற நண்பர்களிடம் பேசினால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இதையேதான் சொல்கிறார்கள்.

நானும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன்தான். வீட்டில் முதல் பட்டதாரி, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. ஆனால் மூன்று வருடப் படிப்பை முடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவனுக்கு முதல் செமஸ்டரில் நாலு பேப்பர் போனது. ஏன் போனது என்று அன்றைக்கு எனக்கே விளங்கவில்லை, மண்டையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பதினோரு வருடமாகக் கடையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கிறதில்தான் புரிகிறது.

போன வருடம் செப்டம்பரில் ஒரு பெண் வந்தாள். முதல் வருடம், ஊர் பென்னாகரம் தாண்டி உள்ளே. நோட்ஸ் காப்பி எடுத்து முடித்துப் பணம் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, இன்டெர்னல்னா என்னங்கண்ணா?" அதற்குள் முதல் இன்டெர்னல் தேர்வே முடிந்துபோயிருந்தது. பள்ளியில் வைக்கிற மாதத் தேர்வு மாதிரி, எழுதினால் எழுதலாம் விட்டால் விடலாம் என்று நினைத்து அன்றைக்கு அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாளாம். நூற்றில் இருபத்தைந்து மார்க் அங்கேதான் இருக்கிறது, மீதி எழுபத்தைந்துதான் யுனிவர்சிட்டி தேர்வு என்று நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. இன்னொரு பையன் நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று கணக்குப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் பள்ளியில் அப்படித்தான். இங்கே நாற்பது. இன்னொருவனுக்கு எழுபத்தைந்து சதவீத வருகை என்ற ஒரு சங்கதி இருப்பதே கண்டனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டுகிற பணம், கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டில் பெயர் வந்த பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் கையேட்டில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சில வருடம் அதை பிரிண்ட் போட்டதே நான்தான். முழுக்க ஆங்கிலம். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ், இங்கே வந்தால் ஆங்கிலம். மூன்றாவது பாஷையில் விதிமுறை படித்து அதில் தனக்கு எது முக்கியம் என்று பிரித்தெடுக்க அந்தப் பிள்ளைக்கு யார் பழக்கினார்கள்?

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அங்கேயும் ஆள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரி மாவட்டம் 68.5, தமிழ்நாட்டிலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71 சொச்சம். இன்றைக்கு முதல் வருடம் சேர்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாதான் அந்தக் கணக்கில் இருப்பவர்கள். சென்னையில் ஒரு பிள்ளைக்குச் செமஸ்டர் என்றால் என்ன என்று சொல்ல மாமா பையன் இருப்பான், மாடி வீட்டு அக்கா இருப்பாள். அஞ்செட்டியிலும் சித்தேரி மலையிலும் இருக்கிற பிள்ளைக்கு ஜெராக்ஸ் கடைக்காரன் இருக்கிறான், அதுவும் கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. வரவேற்பு விழா நடத்துகிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் தீக்‌ஷாரம்பம் என்று ஒரு அறிமுகப் பயிற்சி வழிகாட்டி கொண்டுவந்த பிறகு அது இன்னும் பெரிதாகவே நடக்கிறது, பேனரை டிசைன் செய்து கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். புதுச் சூழ்நிலையில் பிள்ளைகள் காலூன்ற வேண்டும், சிறு சிறு குழுவாகப் பிரித்து ஆசிரியரோடு பேசவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நம் ஊரில் என்ன நடக்கிறது? வெளியூரிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வருகிறார், கனவு காணுங்கள் என்கிறார், எதிரொலிக்கிற மைக்கில் பாதி கேட்கவில்லை, பின்வரிசைப் பிள்ளைகள் பஸ் எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்டெர்னல் மார்க் பற்றியும் யாரோ ஒருவர் அந்த மேடையில் சொல்லியிருக்கத்தான் வேண்டும், கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் காற்றில் போய்விட்டது.

அப்புறம் மென்டர் முறை. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இத்தனை மாணவர், அவர்கள் கஷ்டநஷ்டத்தைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வந்தால் அதைக் கேட்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு வருடம், எந்தக் கல்லூரி என்பது இங்கேயும் வேண்டாம், நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் இரண்டு வருடத்துக்கான மென்டர் படிவங்கள் மொத்தமும் ராத்திரி பதினோரு மணி வரை என் கடையில்தான் பிரிண்ட் ஆனது. மாணவர் குறை என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம், காப்பி பேஸ்ட். அன்றைக்கு நல்ல வியாபாரம், ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆசிரியர்களையும் குறை சொல்ல மனசு வரவில்லை, அதில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்றே தெரியாதவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இப்போது செய்கிற, இனிமேல் செய்யப்போகிற எந்த உதவியையும் கடைசி மணிக்கு அப்புறம் வைக்காதீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு ரெமிடியல் கிளாஸ், ஆங்கிலப் பயிற்சி, சந்தேகம் கேட்கும் நேரம், கவுன்சலிங் என்று எது ஆரம்பித்தாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான் வைக்கிறீர்கள். நாலு மணிக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் என் கடை வாசலில் நின்று பாருங்கள். மணி அடித்த ஐந்தாவது நிமிடம் பஸ் ஸ்டாப்பில் நிற்க இடம் இருக்காது, பத்தாவது நிமிடம் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகும், அதற்கப்புறம் ரோடு காலி. அந்த பஸ்ஸை விட்டால் சில ஊர்களுக்கு அடுத்தது ஆறு மணிக்கு மேல்தான். அரசு பஸ்ஸில் ஓசி பாஸ், தனியார் பஸ்ஸில் காசு. இறங்கின இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை இருக்கும். பையன் என்றால் யாராவது பைக்கில் ஏறிப் போய்விடுவான். பெண்பிள்ளை ஒரு நாள் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் "படிச்சது போதும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம் மாவட்டங்களில் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, நாலரை மணி வகுப்பில் உட்கார்ந்திருப்பது டவுனில் வீடு உள்ள பத்துப் பேரும் விடுதிப் பிள்ளைகளும்தான். யாருக்காக ஆரம்பித்தீர்களோ அவர்கள் அந்நேரம் பஸ்ஸில் இருக்கிறார்கள். கடைசியில் ரிப்போர்ட்டில் "மாணவர்களிடம் ஆர்வம் இல்லை" என்று எழுதுகிறீர்கள், அதையும் நான்தான் பிரிண்ட் போடுகிறேன்.

அதனால் கால அட்டவணைக்குள்ளேயே வாரம் ஒரு மணி நேரம் எடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். முதல் செமஸ்டர் மட்டும் போதும். அந்த மணியில் தன்னம்பிக்கை வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சிலபஸ் தாளைக் கையில் கொடுத்து அதை எப்படிப் படிப்பது என்று காட்டுங்கள். யூனிட் என்றால் என்ன, பள்ளியில் மாதிரி ஒரே புத்தகம் ஏன் இல்லை, நூலகத்தில் எந்த அலமாரியில் தேடுவது, கிளாஸில் சார் பேசப் பேச எதை எழுதுவது எதை விடுவது. பள்ளியில் டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல முற்றுப்புள்ளி வரை எழுதிய பிள்ளைகள் இவர்கள். இங்கே சார் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் நோட்டில் நாலு வரி இருக்கிறது, அதுவும் போர்டில் இருந்த தலைப்பு. அதனால்தான் என்னிடம் வருகிறார்கள்.

என் பிழைப்புக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துவிட்டால் பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இந்தப் பிள்ளைகளுக்கு. தேர்வுக்கு முந்தின வாரம் இருநூறு பக்கம் எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் பேனாவில் கோடு போட்டு, திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பாடத்தைச் சிலர் மறுபடி மறுபடி படித்தார்கள், சிலர் படித்துவிட்டு மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். "படிச்சதைப் பார்க்காம எழுதிப் பாருடா" என்று என் எட்டாம் வகுப்பு வாத்தியார் குச்சியை வைத்துக்கொண்டு சொன்னதும் இதேதான், காரணம்தான் சொல்லவில்லை. கல்லூரிக்கு வந்ததும் குச்சியோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், என் நாலு அரியரில் இரண்டு பேப்பராவது அதனால்தான் போயிருக்கும். பத்து நிமிடம் போதும் ஐயா, வகுப்பு முடியும்போது நோட்டை மூடச் சொல்லி இன்றைக்கு நடத்தியதை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். திருத்தக்கூட வேண்டாம்.

முதல் இன்டெர்னல் தாளை மட்டும் திருத்தி, கையில் கொடுத்து, ஏன் மார்க் போனது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். தாளைக் கண்ணால் பார்க்காமல் வெறும் நம்பரை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, தான் முட்டாள் என்ற முடிவுக்கு வருவது ரொம்பச் சுலபம். நான் அப்படித்தான் வந்தேன்.

காலை முதல் மணியில் தூங்கி விழுகிற பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் பாருங்கள், கடைசி பெஞ்ச் முழுக்கத் தூங்கும். ராத்திரி கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, விடிகாலை பாத்திரம் ஏற்றிவிட்டு நேராகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் லோடு ஏற்றிவிட்டு வருகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் சட்டையிலேயே தெரியும். அவனை எழுப்பி வெளியே நிறுத்துவதற்கு முன்னால் ராத்திரி எங்கே இருந்தாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மென்டர் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

அரசாங்கம் தன் பங்குக்குச் செய்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டு வந்தால் மாதம் ஆயிரம் ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அந்த ஆயிரம் வந்த பிறகு கடையில் பாக்கி சொல்கிற பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள் என்பதை என் கணக்கு நோட்டே சொல்லும். ஆனால் ஆதார் பேங்கோடு சேரவில்லை, யூமிஸ் நம்பர் (கல்லூரி மாணவருக்கு அரசு தருகிற பதிவு எண்) தெரியவில்லை என்று அலைகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள், ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் வகுப்பை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். நான் கேட்ட அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தில் இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

சீனியர்களையும் பயன்படுத்துங்கள். ஒரே பஸ்ஸில் வருகிற இரண்டாம் வருடப் பிள்ளை ஒன்றை முதல் வருடப் பிள்ளைகள் நாலு பேரோடு சேர்த்துவிடுங்கள். எப்படியும் தினமும் ஒன்றாகத்தான் பயணம், ஒன்றரை மணி நேரம் சும்மா போகிறது. ராகிங் பயம் இருக்கும்தான், அதனால் பொறுப்பைப் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள்.

மனசு உடைந்து வருகிற பிள்ளைகளும் உண்டு. ஒரு பையன் ரிசல்ட் பார்க்க என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து என் அரியர் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதற்கப்புறம் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 என்று பெரிதாக பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டேன். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உங்கள் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள், கண்டனேஷன் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் நல்லது, அங்கேதான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை, வகுப்பறை இல்லை, அட்டவணையில் இடமில்லை என்று நீங்கள் சொல்லப்போவது எனக்கும் தெரியும், எல்லாம் நிஜம்தான். வாரம் ஒரு மணி முடியாது என்றால் மாதம் இரண்டு மணியாவது எடுங்கள், ஆனால் நாலு மணிக்கு முன்னால். அதுகூட முடியாவிட்டால், இன்டெர்னல் எவ்வளவு, பாஸ் மார்க் எவ்வளவு, வருகை எவ்வளவு, யூமிஸ் நம்பர் எங்கே கிடைக்கும், சந்தேகம் என்றால் எந்த அறையில் யாரைப் பார்ப்பது என்று ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். என் வாசலில் இருக்கிற கல்லூரிக்கு ஆயிரம் காப்பி நான் காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன், இரண்டு ரீம் பேப்பர் இப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். அட்மிஷன் நடக்கும்போதே அந்தத் தாள் என் கைக்கு வர வேண்டும். செப்டம்பரில் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரன்