லேபை விட்டுப் போனவர்களிடம் கேள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் பதில் போடத்தான் போனை எடுத்தேன். நாலு வரியில் முடிகிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த வாரம் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று, உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன்.

பிஎச்டிக்கு எந்த லேப் என்று முடிவு செய்யும் முன் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நாள் வேலை பார்க்கிற ரொட்டேஷனை மூன்று லேபிலும் முடித்துவிட்டாய். முதல் லேபின் கைடு, அதாவது வழிகாட்டும் பேராசிரியர், பெரிய பெயர், பேப்பர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது நடுத்தரமான லேப். மூன்றாவது கைடு வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. "யாரிடம் சேரட்டும் சித்தி?" என்று கேட்கிறாய். அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைப் பற்றி அக்கறையோடு எழுதிய ஒரு மூளை விஞ்ஞானியைப் பற்றி எனக்குத் தெரியும். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பென் பாரஸ் என்று பெயர். 1954இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் பார்பரா. பெண்ணாக வளர்க்கப்பட்டு, 1997இல், நாற்பதைத் தாண்டிய பிறகு, தான் ஆண் என்று வெளிப்படையாகச் சொல்லி பென் ஆனார். திருநம்பி. தமிழில் 'அவர்' என்ற சொல் இருப்பதால் அவருடைய வாழ்க்கையை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அது பெரிய நிம்மதி.

எம்ஐடியில் படித்தபோது, வகுப்பில் கிட்டத்தட்ட யாருக்குமே வராத ஒரு கணக்கை அவர் போட்டுக் காட்டினார். 'உன் பாய்ஃபிரெண்டுதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்' என்றாராம் பேராசிரியர். அப்புறம் டார்ட்மத்தில் மருத்துவம் படித்து 1979இல் டாக்டர் ஆனார். நியூயார்க்கில் நரம்பியல் பயிற்சி. அங்கே இறந்தவர்களின் மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, நியூரான்கள் என்கிற நரம்புச் செல்கள் செத்துக் கிடந்த இடத்தைச் சுற்றியிருந்த கிளியா செல்கள் விசித்திரமாக மாறியிருப்பதைக் கவனித்தார். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. நியூரான்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பசை என்பதற்கு மேல் அந்த நாளில் பெரும்பாலானவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டராக நிலைத்துவிட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஹார்வர்டில் பிஎச்டி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1990இல் முடித்தார்.

ஹார்வர்டில் அவர் செய்த ஒரு வேலையை உனக்குக் கிட்டத்தில் காட்ட ஆசை. விழித்திரையில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற கேங்ளியான் செல்கள், அங்கே உள்ள செல்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. அவற்றை மட்டும் தனியே எடுக்க வேண்டும். பாட்டி அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருக்கிறாய் இல்லையா? இது அதற்கு நேர் எதிர். தட்டின் அடியில் ஒரு ஆன்டிபாடியைப் பூசிவைப்பார்கள். அது கேங்ளியான் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும். விழித்திரையைப் பிரித்துக் கலக்கிய செல்களை அந்தத் தட்டில் ஊற்றி மெதுவாக அசைப்பார்கள். வேண்டிய செல் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவ கழுவப் போய்விடும். மறுபடி கழுவு, மறுபடி பார், கடைசியில் தட்டில் சுத்தமான நியூரான்கள் மட்டும் இருக்கும். 1988இல் வந்த பேப்பர் அது.

அந்தச் சுத்தம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. கிளியா இல்லாமல் நியூரான்களைத் தனியாக வளர்த்துப் பார்க்க முடிந்ததால்தான், கிளியா என்ன செய்கிறது என்று கேட்கவே முடிந்தது. ஸ்டான்ஃபோர்டில் அவருடைய லேபில் செய்து பார்த்தார்கள். தனியாக விட்ட நியூரான்கள் உயிரோடு இருக்கின்றன, கிளைவிடுகின்றன, ஆனால் ஒன்றோடு ஒன்று பேசுகிற சினாப்ஸ்கள் மிகக் குறைவு. கிளியாவையும் சேர்த்து வளர்த்தால் சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏழு மடங்கு ஆகிறது. 2001இல் இது வெளிவந்தது. பசை என்று ஒதுக்கிய செல்தான் நியூரான்களை ஒன்றோடு ஒன்று பேச வைத்துக்கொண்டிருந்தது.

சரி, கதை லேபுக்கு வருகிறது. ஹார்வர்டில் தன் கைடு டேவிட் கோரியின் லேபில் பிறந்த அந்த அரிக்கும் முறையை பாரஸ் கையோடு எடுத்துக்கொண்டு லண்டனுக்கு மார்ட்டின் ராஃபிடம் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராகப் போனார். அங்கே வேறு செல்களையும் அப்படிப் பிரித்தெடுத்தார். 1993இல் ஸ்டான்ஃபோர்டில் தன் லேபைத் தொடங்கியபோது அதையும் கையோடுதான் கொண்டுபோனார். 'இது எங்கள் லேபின் சொத்து, வைத்துவிட்டுப் போ' என்று யாரும் அவரை மறிக்கவில்லை. தனக்குக் கிடைத்ததை அவர் தன் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். லேபை விட்டுப் போகிறவர்கள் தங்கள் ப்ராஜெக்ட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சாக்லா எரோக்லு ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா வகை சுரக்கிற, சினாப்ஸை உண்டாக்கும் புரதங்களோடு ட்யூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நோய் எதிர்ப்பில் கிருமிகளுக்குக் குறி போடுகிற காம்ப்ளிமென்ட் புரதங்கள், வளரும் மூளையில் வேண்டாத சினாப்ஸ்களைக் களைவதற்கும் தேவைப்படுகின்றன என்று 2007இல் பாரஸ் லேபில் இருந்தபோது காட்டியவர் பெத் ஸ்டீவன்ஸ். அந்தக் கேள்வியோடுதான் பாஸ்டனில் தன் லேபை ஆரம்பித்தார். குறி போட்ட சினாப்ஸை மைக்ரோகிளியா என்ற மூளையின் துப்புரவுச் செல்கள் விழுங்குவதை 2012இல் அந்த லேப் காட்டியது. நீ மைக்ரோகிளியா என்றாலே கண்ணை விரிக்கிறாயே, அந்த ஆசை உன்னிடம் வந்து சேர்ந்த பாதை இதுதான்.

இன்னொன்று. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டின்போது, எந்த மரபணு மூளையின் எந்த வகைச் செல்லில் வேலை செய்கிறது என்று ராத்திரியெல்லாம் ஒரு வலைத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தாயே, அது பாரஸ் லேபின் 2014 ஆய்வில் இருந்து வந்த தரவு. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்தார்கள். காசு கொடுத்தாயா? கடிதம் போட்டுக் கெஞ்சினாயா? இல்லையே.

2013இல் அவர் 'நியூரான்' இதழில் உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார், பிஎச்டிக்குக் கைடைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று. அவர் கேட்கச் சொல்வது முக்கியமாக இரண்டு. இவர் நல்ல விஞ்ஞானியா, நல்ல வழிகாட்டியா? முதலாவது கேள்விக்குப் பேப்பர்களைப் படித்தால் ஓரளவு பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, அவரிடம் படித்துவிட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்புறம் 2017இல் 'நேச்சர்' இதழில் இன்னும் காட்டமாக எழுதினார். போஸ்ட்டாக்குகள் தங்கள் ப்ராஜெக்ட்டைக் கொண்டுபோக விடாமல் மறிப்பதை நிறுத்துங்கள் என்று சக பேராசிரியர்களைப் பார்த்தே சொன்னார். அதை எழுதியபோது அவருக்குக் கணையப் புற்றுநோய். அந்த ஆண்டு டிசம்பர் 27இல், 63 வயதில் போய்விட்டார். நோய் தெரிந்த பிறகும் பிள்ளைகளுக்கான பரிந்துரைக் கடிதங்களை எழுதுவதை அவர் விடவில்லை.

அந்த 2017 கட்டுரையை நான் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் படித்தேன். படித்து முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு உடனே எழுந்து போக முடியவில்லை. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பிஎச்டியின் கடைசி வாரத்தில் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்து என் பெட்டிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருட எலி மூளைத் திசு. ஒவ்வொரு குழாய் மூடியிலும் என் கையெழுத்து, தேதி. பனி படிந்து பாதி அழிந்திருந்ததை மறுபடி எழுதி வைத்தேன். கைடு வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. "இதெல்லாம் லேபுடையது. இந்தக் கேள்வியை வெளியே போய்த் தொடர வேண்டாம், புதிதாக வருகிற ஸ்காலருக்குக் கொடுக்கப் போகிறேன்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு ஃப்ரீசரை மூடினேன். அதன்பின் ஃபெல்லோஷிப்புக்கு எழுதும்போதெல்லாம், எனக்கு ஆசையே இல்லாத ஒரு கேள்வியை எடுத்து வைத்துத்தான் எழுதினேன். எழுதியவளுக்கே ஆசை இல்லை என்றால் படிக்கிறவர்களுக்கு எப்படித் தோன்றும்? ஒன்றும் கிடைக்கவில்லை. பாடம் நடத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது, என் மாணவிகள் எனக்கு உயிர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் லேபில் எத்தனை பேப்பர் வந்தது என்பதோடு நிறுத்தாதே. அங்கிருந்து போனவர்கள் எதைக் கையோடு கொண்டுபோனார்கள் என்று கேள். "சார் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லவர்தான்" என்பார்கள். அப்படிக் கேட்காதே. கடைசியாகக் கொடுத்த டிராஃப்டை எத்தனை நாளில் திருத்திக் கொடுத்தார், எதிர்பார்த்த ரிசல்ட் வராத அன்று மீட்டிங்கில் என்ன பேசினார் என்று கேள். இப்போது உள்ளே இருக்கிறவர்களுக்குப் பயம் இருக்கும். விட்டுப் போனவர்கள்தான் வாய் திறப்பார்கள்.

நீ பெண் என்பதாலும் இதை அழுத்திச் சொல்கிறேன். பாரஸ் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர். பார்பராவாக இருந்தபோது, கையில் ஆறு நல்ல பேப்பர் இருந்தும், ஒரே ஒரு பேப்பர் போட்டிருந்த ஆணிடம் ஒரு ஃபெல்லோஷிப்பை இழந்தார். பென் ஆன பிறகு ஒரு கருத்தரங்கில் பேசி முடித்ததும், 'இவருடைய வேலை இவர் சகோதரியின் வேலையைவிட எவ்வளவோ மேல்' என்று ஒருவர் சொன்னது அவர் காதுக்கு வந்தது. சகோதரி என்று அந்த மனிதர் நினைத்ததும் இவரைத்தான். அதே ஆள், அதே வேலை. 2006இல் 'நேச்சர்' இதழில் இதையெல்லாம் தன் பெயரைப் போட்டு எழுதினார். எழுதியதோடு விடவும் இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2004இல் முதன்முதலாகக் கொடுத்த பயனியர் விருது ஒன்பதும் ஆண்களுக்கே போனபோது, தேர்வு செய்கிற முறையை மாற்றச் சொல்லி விடாமல் வாதாடினார். அடுத்த ஆண்டு பதின்மூன்று பேரில் ஆறு பேர் பெண்கள். ரொட்டேஷனில் நீ பேசும்போது உன் வாக்கியத்தை யார் முடிக்க விட்டார்கள், யார் குறுக்கே புகுந்தார்கள் என்று யோசித்துப் பார். மூன்று லேபிலும் அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்றாவது லேபைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கிருந்து படித்து முடித்துப் போனவர்கள் என்று யாருமே இன்னும் இல்லை, யாரிடம் கேட்பது என்று நினைப்பாய். 1993இல் பாரஸும் அப்படித்தான் காலி லேபோடு உட்கார்ந்திருந்தார். அந்த கைடிடமே கேட்கலாம். "மேடம், நீங்கள் போஸ்ட்டாக் முடித்து வந்தபோது என்ன கொண்டுவந்தீர்கள்? எப்படி விட்டார்கள்?" என்று மரியாதையாகக் கேள். தனக்கு வழி விட்டவர்களைப் பற்றி ஒருவர் பேசுகிற விதத்தில் நிறையத் தெரிந்துவிடும். மறித்தார்கள் என்று சொன்னாலும் பரவாயில்லை. அதைச் சொல்லும்போது 'நானும் அப்படித்தான் செய்வேன்' என்கிற தொனி இருக்கிறதா, 'என் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது' என்கிற தொனி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

இரண்டாவது லேபில் இருந்து போன வருடம் முடித்துப் போன ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னாயே, முதலில் அவர் நம்பரை வாங்கு. மெயிலில் கேட்காதே, எழுத்தில் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். போனில் பேசு. "என்ன கொண்டுபோனீர்கள் அக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்கிறவரை சும்மா இரு. பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குக் கூப்பிடு. உன் அம்மாவுக்கு அந்தப் பெரிய பெயர் மேல்தான் ஆசை என்று எனக்குத் தெரியும். என் அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி