டொமைன் மேம்பாட்டுக்குப் பின் கணினியில் உள்நுழைய இயலாதவர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டொமைன் சர்வர் (நம் கணினிகளின் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் மையக் கணினி) மேம்படுத்தப்பட்டதிலிருந்து செங்கோட்டை, புனலூர் ஆகிய இரு கிளைகளிலும் சில கணினிகள் சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுக்கின்றன. பதற்றத்தில் அதையே மீண்டும் மீண்டும் தட்டிக் கணக்கைப் பூட்டிவிட வேண்டாம்.

முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கெர்பரோஸ் சரிபார்ப்பு (டொமைனில் உள்நுழைபவரை உறுதிசெய்யும் முறை) கணினிக்கும் சர்வருக்கும் இடையே இயல்பாக 5 நிமிட நேர வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும் என்பதால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள் (மலைக்கு இருபுறமும் நம்மிடம் அவை ஏராளம்) மின்சாரம் போய் வந்ததும் நேரம் தவறி இதில்தான் சிக்கிக்கொள்கின்றன.

நேரம் சரியென்றால், நெட்வொர்க் அமைப்பில் உள்ள டிஎன்எஸ் முகவரி (பெயரைக் கொண்டு சர்வரைத் தேடக் கணினி அணுகும் முகவரி) புதிய சர்வரைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே 8.8.8.8 போன்ற பொது முகவரி இருந்தால் இணையம் தடையின்றி இயங்கும். டொமைனை மட்டும் கணினியால் கண்டுபிடிக்க இயலாது.

டொமைனுடனான நம்பிக்கை உறவு (கணினியும் டொமைனும் ஒன்றையொன்று அடையாளம் காணும் பிணைப்பு) முறிந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தால், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினியில் கடைசியாகப் பயன்படுத்திய கடவுச்சொல்லால் உள்ளே சென்று அவசர வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் கணினியை டொமைனிலிருந்து நீங்களாகவே நீக்க வேண்டாம். உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் (டொமைனைச் சாராமல் அந்தக் கணினியிலேயே உள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கைவசம் இல்லாவிட்டால் பிறகு எவராலும் எளிதில் உள்ளே செல்ல முடியாது.

கணினியின் பெயரையும் பிழைச் செய்தியின் படத்தையும் இங்கே அனுப்புங்கள். கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம்.