தொடக்க ஊதலுக்கு முந்திய நேரம்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்குக் கோணேசப் பெருமானை வேண்டுகிறோம். சென்ற கிழமை தொலைபேசியில் பேசியபோது, நீ மத்தியஸ்தம் வகித்த றக்பி ஆட்டத்தின் முதற்பாதியிலேயே கெண்டைக்கால் இறுகிவிட்டது என்றும், அன்று அரை மணி நேரம் உடலைச் சூடாக்கியிருந்தும் அப்படி நேர்ந்தது என்றும் சொன்னாய். அம்மா உடனே நல்லெண்ணெய் பூசச் சொன்னார். நான் ஆறுதலாக யோசித்து எழுதலாம் என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதிய நான், றக்பி விதிகளை உனக்குச் சொல்லித்தரப் போவதில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் மத்தியஸ்தர் தன் உடலைத் தயார் செய்யும் முறை இரண்டு ஆட்டங்களுக்கும் பெரும்பாலும் பொதுவானது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், சூடாக்கியது போதாமல் போகவில்லை. சூடாக்கி முடித்ததற்கும் முதல் ஊதலுக்கும் இடையில் உடல் ஆறிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. நீ மைதானத்தைச் சுற்றி ஓடி முடித்த பிறகுதானே வீரர்களின் சப்பாத்துகளைப் பார்த்தாய், இரண்டு அணிகளின் முன்வரிசை வீரர்களிடமும், அவர்கள் எதிரெதிரே குனிந்து பிணைந்து தள்ளும் ஸ்க்ரம் பற்றிப் பேசினாய், அணித்தலைவர்களை அழைத்து நாணயத்தைச் சுண்டினாய்? இங்கிலாந்துக் குளிரில் அவ்வளவு நேரம் நின்றபடி பேசினால், ஓடிச் சேர்த்த சூடு தசையில் தங்காது. வீரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களைப் பயிற்சியாளர் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்.

ஆகையால் வரிசையை மாற்று. நாணயச் சுழற்சியை ஆட்டத்துக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்பதால், அதையும் பேச்சு வேலைகள் எல்லாவற்றையும் அந்த நேரத்தின் முற்பகுதியிலேயே முடித்துவிடு. கடைசி இருபது இருபத்தைந்து நிமிடங்களை உனக்கென்று வைத்துக்கொள். அந்த நேரத்தில் யாராவது விதி விளக்கம் கேட்டு வந்தால், ஓடிக்கொண்டே பதில் சொல், நின்றுவிடாதே.

அந்த இருபது நிமிடங்களில் என்ன செய்வது என்பதற்கு, இயன் ஜெஃப்ரீஸ் என்ற பயிற்சியாளர் 2007இல் எழுதிய ஒழுங்கு இன்று பல விளையாட்டுகளில் வழக்கத்தில் உள்ளது. முதலில் மெல்ல ஓடி உடல் வெப்பத்தையும் மூச்சையும் உயர்த்துவது, பின்னர் வேலை செய்ய வேண்டிய தசைகளை எழுப்பி மூட்டுகளை அசைவால் தளர்த்துவது, கடைசியாக ஆட்டத்தின் வேகத்துக்கே போய்விடுவது என்பதுதான் அதன் சாரம். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்திருந்தால் சற்று நேரத்துக்கு அதன் விசை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், காலைச் சுவரில் வைத்து நீட்டிப் பிடிக்கும் பழைய பழக்கத்தை ஆட்டம் முடிந்த பிறகுக்குத் தள்ளிவை. எங்கள் காலத்தில் அதையேதான் பெரிய விடயமாகச் செய்துகொண்டிருந்தோம்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது கடைசிப் பகுதியைப் பற்றித்தான். வீரர்களுக்காக உலக றக்பி அமைப்பு வகுத்த அக்டிவேட் பயிற்சியில் சமநிலைக்கும் பின்தொடைக்கும் உரிய அசைவுகளை நீ தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உன் ஆட்டம் அவர்களுடைய ஆட்டம் அன்று. உயர்மட்ட ஆட்டமொன்றில் மத்தியஸ்தர் 6 கிலோமீற்றருக்கு மேல் நகர்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமுந்தான் என்றாலும், தசை பிடிப்பது இடையிடையே திடீரென வரும் குறுகிய விரைவோட்டங்களிலேயே. பந்து உயர உதைக்கப்பட்டதும் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். நிலத்தில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியினரும் நெருங்கித் தள்ளும் றக் உருவானதும் வளைந்து ஓடி இரு பக்கமும் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். தற்காக்கும் அணியின் வரிசையைப் பார்த்தவாறு பின்னோக்கி நகர வேண்டும். முன்னே ஓடும்போதும் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். இவை எல்லாம் உன் சூடாக்கலில் இருக்கின்றனவா? நேராக ஓடித் திரும்பி வருவது மட்டும் இருந்தால் கெண்டைக்கால் ஏன் இறுகியது என்பது விளங்கும், ஏனென்றால் பின்னோக்கி நகரும்போதும் சட்டென நின்று திசை மாறும்போதும் அதற்குத்தான் அதிக வேலை.

இரண்டு அணிகளும் மைதானத்தை நிறைத்திருக்கும், உனக்குப் பக்கக்கோட்டுக்கு வெளியே ஒரு சிறு துண்டு நிலமே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அது போதும். பத்து மீற்றர் பின்னோக்கிப் போய், திரும்பி, பத்து மீற்றர் பாய்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, ஸ்க்ரம்மைப் பார்ப்பது போல இடுப்பை இறக்கி எழுவது. இதையே ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டிச் செய். கடைசி இரண்டு ஓட்டங்கள் முழு வேகத்தில் இருக்கட்டும். அதற்குப் பிறகு மேற்சட்டையைப் போட்டுக்கொள், தொடக்க உதைக்குச் சற்று முன்னர் மட்டும் கழற்று.

குரலையும் விசிலையும் மறவாதே. திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துவிட்டே வாசிக்கத் தொடங்குவதைப் போல, நீயும் குட்டையாகவும் நீளமாகவும் ஊதிப் பார். ஸ்க்ரம்முக்கு நீ கொடுக்கும் “குரோச், பைண்ட், செட்” என்ற மூன்று கட்டளைச் சொற்களையும் இடைவெளி விட்டு உரத்துச் சொல்லிப் பார். குளிரில் முதல் ஸ்க்ரம்மின்போது குரல் கம்மிப்போனால் முன்வரிசையினர் உன்னைச் சோதித்துப் பார்ப்பார்கள். வெட்கப்படாதே, பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இடைவேளையும் இதே கதைதான். பதினைந்து நிமிடம் வரை நீளக்கூடிய அந்த ஓய்வில் தசை வெப்பம் மறுபடி இறங்கிவிடும். தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிடாமல், கடைசி மூன்று நான்கு நிமிடம் ஓடிவிட்டு இரண்டாம் பாதிக்குப் போ. அணிக்கு ஏழுபேர் ஆடும் றக்பியில் இடைவேளை இரண்டு நிமிடந்தான். ஆனால் ஒரு நாளில் பல ஆட்டங்கள் வரும் என்பதால், அவற்றுக்கு இடையில் கிடக்கும் நேரத்தை இதே கணக்கில் பார்க்க வேண்டும்.

ஆவணியில் நீ வரும்போது, இங்கே நண்பர்களின் ஆட்டம் ஒன்றுக்கு விசில் ஊதக் கேட்டிருப்பதாகச் சொன்னாய். அப்போது கச்சான் காற்று அனலாக வீசும். இங்கிலாந்தில் செய்யும் இருபத்தைந்து நிமிடத்தை இங்கே அப்படியே செய்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே களைத்துவிடுவாய். மெதுவோட்டத்தைப் பாதியாகக் குறை, அசைவுகளை நிழலில் செய், பாய்ச்சல்களை மட்டும் குறைக்காதே, மேற்சட்டைக்குப் பதிலாக ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டுக்கொள். தண்ணீரைக் காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்து வர வேண்டும்.

கால் முழுதாகக் குணமாகும் வரை அடுத்த ஆட்டத்தை ஏற்காதே. வைத்தியரிடம் காட்டிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அப்பா