வெள்ளத்தின் மேல் மட்டும் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்த வெள்ளத்தில் வீடிழந்தவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான செய்தியைப் படித்தேன். எல்லாவற்றையும் இயற்கையின் சீற்றம் என்று சொல்லி முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரிடருக்குப் பிறகு நடக்கும் அநீதிக்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ரிச்சர்ட் லாயிட் பாரி 2017இல் எழுதிய 'கோஸ்ட்ஸ் ஆஃப் த சுனாமி' நூல் இதை நெஞ்சு கனக்கச் சொல்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் சுனாமிக்குப் பலியானார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் சுனாமி வந்துசேர ஏறக்குறைய 50 நிமிடம் இருந்தது, பள்ளிக்குப் பின்னாலேயே குன்றும் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்ட பெற்றோருக்குக் கிடைத்தது மழுப்பல்தான். மகளின் உடலைத் தேட மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட உரிமம் எடுத்த தாயைப் பற்றிய பக்கங்களை நான் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். 23 பிள்ளைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் பக்கமே முடிந்தது.

இங்கே, டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில், அந்த வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்த பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் வயதான பெண்கள் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். ஏன் இத்தனை தாமதம் என்றால், வெள்ளம் வந்ததே என்பதுதான் பதில். நம் தமிழ்ச் சங்கங்கள் இந்நூலை வாங்கி உறுப்பினர்களோடு சேர்ந்து படிக்கலாம். தாங்களும் இதற்கு ஓர் அறிமுகம் வெளியிட்டு, அதே பக்கத்தில் இங்கு பாதிக்கப்பட்டவர்களின் கேள்விகளையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டோங்காட்